தறித்த பனையில் வளையம் தேடலாமா?

கேள்வி: வீடு கட்டுவதற்காக வளவுக்குள் நின்ற கிழட்டுப் பனை ஒன்றைத் தறித்தோம். மர வளையங்களைப் பார்த்தால் எந்த வருஷம் மழை பொய்த்தது என்று சொல்லலாமாம். மகன் யூடியூபில் பார்த்துவிட்டு அடிக்குற்றியைச் சுற்றிச் சுற்றி வருகிறான், ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, பூட்டனாரின் கொப்பியில் "தாது வருஷம் மாரி இல்லை, கிணறு உவர்த்துப் போனது" என்று ஒரு வரி இருக்கிறது. அது எந்த ஆண்டு?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: மகனைக் குற்றியை விட்டு எழும்பச் சொல்லுங்கள், பனையில் வளையமே கிடையாது. தேக்குப் போன்ற மரங்களில் பட்டைக்குக் கீழே ஒரு மெல்லிய வளர்படை இருக்கிறது, அதுதான் புதுக் கட்டையைச் சுற்றுச் சுற்றாகச் சேர்த்து மரத்தைப் பருக்க வைக்கும். பனைக்கும் தென்னைக்கும் அது இல்லை. பனையில் வைரம் வெளியே, நடுவில் சோற்றி. இதைத் தொல்காப்பியர் எப்போதோ கவனித்து, வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் மரபியலில் பிரித்து வைத்துவிட்டார். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலை வகையில்தான் வைக்கிறது. மட்டை விழுந்த தழும்பை எண்ணலாமே என்று கேட்பீர்கள். வருஷத்துக்குப் பல மட்டை வரும், எல்லா வருஷமும் ஒரே கணக்கிலும் வராது.

சரி, வளையம் உள்ள மரமே கிடைத்தாலும் வெறுமனே எண்ணிவிட முடியாது. தண்ணீர் கிடைத்த வருஷம் வளையம் அகலம், வறண்ட வருஷம் ஒடுக்கம் என்பது அடிப்படை. ஆனால் நம் பக்கம் சித்திரையில் ஒரு மழை, பிறகு நீண்ட வெயில், ஐப்பசி தொடக்கம் மாரி என்று வருவதால் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் மாதிரித் தெரிந்து ஏமாற்றலாம், மிக மோசமான வருஷத்தில் வளையம் விழாமலும் போகலாம். அதனால் பல மரங்களில் பென்சிலிலும் மெல்லிய குச்சி ஒன்றைத் துளைத்து எடுத்து (மரம் சாகாது), அகலம் ஒடுக்கம் வரும் ஒழுங்கை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கிறார்கள். அரிசோனாவில் டக்ளஸ் என்பவர் இப்படித்தான் பழைய வீடுகளின் மரத்துண்டுகளைப் பொருத்தினார். 1929இல் கிடைத்த ஒரு கரிந்த துண்டு, அப்படிப் பொருத்திய வளையத் தொடரில் இருந்த இடைவெளியை நிரப்பியது, 1276 முதல் 1299 வரை அங்கே நீண்ட வறட்சி என்பதும் உறுதியானது. நம் நாற்சார் வீடுகளில் வளையும் சலாகையும் பனை என்றால் அந்த வழியும் அடைத்தது.

பக்கத்தில் கேரளத் தேக்குகளில் 1481 வரை பின்னோக்கிப் போயிருக்கிறார்கள். 2010இல் எட்வர்ட் குக் குழு ஆசியாவின் 300க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஏறக்குறைய 700 வருஷ வறட்சிப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது, அதில் 1876-78 பெருவறட்சி பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதை அப்படியே யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பார்க்க நான் தயங்குவேன். கேரளத்துக்குத் தென்மேற்குப் பருவமழை முக்கியம், நமக்கு வடகிழக்கு. எல் நினோ வருஷத்தில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் வருஷம்) இந்தியாவில் தென்மேற்கு மழை குறைவதும் இலங்கையில் மாரி கூடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

ஆகவே நமக்குத் துணை எழுத்துத்தான். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை, அரசாங்க அதிபர்களின் ஆண்டறிக்கைகள், அப்புறம் உங்கள் பூட்டனாரின் கொப்பி. கிணறு உவர்த்தது என்று எழுதினாரே, அது லேசான வரி இல்லை. நம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. மாரி ஊறாவிட்டால் மேல்படை மெலிந்து, இறைக்க இறைக்கக் கீழே உள்ளது ஏறிவரும்.

ஆண்டுதான் சிக்கல். தாது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1816, 1876, 1936. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்றாலே 1876தான், அதனால் கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டுவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே கையெழுத்தில் அருகில் உள்ள பக்கங்களைப் புரட்டுங்கள். ரூபா சதத்தில் கணக்கு இருந்தால் 1816 கழியும், ஏனென்றால் அந்த முறை இங்கே வந்தது 1872இல். கோச்சியில் (ரயிலில்) கொழும்புக்குப் போனதாக எங்காவது இருந்தால் 1876உம் கழியும், கொழும்புக் கோச்சி யாழ்ப்பாணம் வந்தது 1905இல்தான்.