வரப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது

கேள்வி: எனக்கு 61 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். பக்கத்து வயல்காரர் இறந்தபோது அவர் பிள்ளைகள் சின்னவர்கள், அவர் மனைவியான அந்த அக்காவுக்கு நில விவரம் தெரியாது. அந்த வருஷத்திலிருந்து அண்டை வெட்டும்போதெல்லாம் வரப்பை அவர்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். 12 வருஷத்தில் எட்டுக் குழி நிலம் என் பக்கம் வந்துவிட்டது. போன ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போய், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டு, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்து, மன்னிப்பும் பெற்றேன். மனசு மட்டும் ஆறவில்லை. மாதா கோயிலுக்கு ஒரு நல்ல தொகை கொடுத்துவிடலாமா? என் மனைவி தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) குடும்பம். "கிருபையால் மன்னித்த பிறகு என்ன கணக்கு?" என்கிறாள். மகன், "ஊர் சிரிக்கும், விடுங்கப்பா" என்கிறான்.
- பெயர் வேண்டாம்

பதில்: ஐயா, கோயிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது அந்த அக்காவுக்குச் சேர வேண்டியது. அதை உண்டியலில் போட உங்களுக்கு உரிமை இல்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகட்டும் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார்.

அப்படியானால் சாமியார் கொடுத்த மன்னிப்பு செல்லாதா என்று பயப்பட வேண்டாம். கடவுள் மன்னித்ததை நான் சந்தேகப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நிலத்தை விவரமாகச் சொன்னீர்களா, அல்லது "பேராசைப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொன்னீர்களா? திருவிழாக் கூட்டத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது, பலரும் அப்படித்தான் சொல்கிறோம். விவரம் தெரிந்திருந்தால் எந்தக் குருவும் ஒரு ஜெபமாலை மட்டும் சொல்லச் சொல்லி உங்களை அனுப்பியிருக்க மாட்டார். உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு சாதாரண நாளில் போய் முழுதாகச் சொல்லுங்கள். அவர் அதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஐந்தாவது, அபராதம் தீர்ப்பது, அதாவது செய்த பாவத்துக்கு ஈடு செய்வது. அதை நாம் மந்திரம் சொல்வதோடு முடித்துவிடுகிறோம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459-ஆம் எண்ணில், பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும் பாவம் உண்டாக்கிய சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடாது என்கிறது. அது தரும் முதல் உதாரணமே திருடியதைத் திருப்பிக் கொடுப்பதுதான். புனித அகுஸ்தீன் இன்னும் கறாரானவர். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுடைய மனந்திரும்புதல் வெறும் நடிப்பு என்று கடிதம் ஒன்றில் எழுதினார். கடுமையான வார்த்தைதான். ஆனால் உங்கள் மனசு ஆறாமல் இருப்பதே, நீங்கள் நடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி முழு உண்மை. மன்னிப்பை விலை கொடுத்து வாங்க முடியாது. சக்கேயுவின் கதையை (லூக்கா 19) அவரோடு சேர்ந்து வாசியுங்கள். "உன் வீட்டில் இன்று தங்க வேண்டும்" என்று இயேசு கூப்பிட்டபோது அந்த வரி வசூலிப்பவர் ஒரு காசும் திருப்பித் தந்திருக்கவில்லை. தரச் சொல்லி இயேசு கேட்கவும் இல்லை. ஆண்டவர் வீட்டுக்குள் வந்த சந்தோஷத்தில் அவராகவே எழுந்து, ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றார். கிருபை முதலில் வந்தது, கணக்கு அதன் பின்னாலேயே வந்தது. லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-ஆம் வருஷத்து அவுக்ஸ்புர்க் அறிக்கையும், 12-ஆம் பிரிவில், மனந்திரும்பினால் நற்செயல்கள் அதன் கனியாக வந்தே ஆக வேண்டும் என்கிறது. இந்த விஷயத்தில் வேளாங்கண்ணிக்கும் தரங்கம்பாடிக்கும் சண்டையே இல்லை.

சரி, எவ்வளவு கொடுப்பது? நிலத்தைப் பழையபடி விட வேண்டும், அதில் பேச்சே இல்லை. எட்டுக் குழி என்றால் 1,152 சதுர அடி. ஒரு போகத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை நெல் விளைந்திருக்கும். வரப்பு படிப்படியாக நகர்ந்ததால் சராசரிக்குப் பாதி என்று வைத்தால், இரண்டு போகமாக 12 வருஷத்துக்கு 12 மூட்டை. அடுத்தவன் பொருளை அபகரித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமச் சட்டம். அது நம்மைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் நியாயமான அளவாக எனக்குப் படுகிறது. பதினான்கரை மூட்டைக்கு இன்றைய விலை. உங்களால் முடியாத தொகை இல்லையே.

ஊர் சிரிக்குமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. பாவத்தை ஊர் நடுவில் அறிக்கை செய் என்று திருச்சபை கேட்கவில்லை. டீக்கடையில் சொல்ல வேண்டாம். ஆனால் "அளவையில் ஏதோ தப்பு போலிருக்கு" என்று சர்வேயர்மேல் பழியைப் போட்டு அந்த அக்காவிடம் மழுப்பாதீர்கள். தகப்பன் இல்லாப் பிள்ளைகளின் நிலத்துக்குள் புகாதே என்று நீதிமொழிகள் 23-இல் இருக்கிறது. நீங்கள் புகுந்தது அங்கேதான், அது அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னியுங்கள்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மன்னிப்பது அவர் இஷ்டம். அவர் கோபப்படலாம், நாலு வார்த்தை திட்டலாம், கதவைச் சாத்தலாம். வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர் மன்னிக்காவிட்டாலும் நிலம் அவருடையதுதான்.

சம்பா அறுத்து வயல் காய்ந்து கிடக்கும் இந்த மாதங்கள்தான் அளக்கத் தோது. ஜூனில் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் கல் ஊன்றுவது கஷ்டம். நில அளவைக்கு நீங்களே மனுக் கொடுங்கள், கட்டணமும் உங்களுடையதாக இருக்கட்டும். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உள்ளபடி கல் ஊன்றட்டும். ஆனால் சர்வேயர் வருவதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு அந்த வரப்பில் மண்வெட்டி பிடிக்கப் போகிறவர் அவர்தான்.