ரொந்தால், கெபாங், தலுவாங்: ஜாவா, பாலிச் சுவடிகள் குறித்துக் கேள்வி பதில்

பாலியிலும் ஜாவாவிலும் கையெழுத்துச் சுவடிகள் எவ்வாறு உருவாயின என்று உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பாலியில் 'லொந்தார்' என்று சொல்லப்படுவது நம் பனைமரம்தானா?

அதே மரம்தான். 'ரொன்' என்பது பழைய ஜாவானிய மொழியில் இலையைக் குறிக்கும். 'தால்' பனையைக் குறிக்கும் வடசொல். 'ரொந்தால்' என்ற கூட்டுச்சொல், பேச்சுவழக்கில் மதுரை 'மருதை' ஆனதுபோல எழுத்து இடம்மாறி 'லொந்தார்' ஆயிற்று. இன்று அச்சொல் மரத்தையும் சுவடியையும் ஒருசேரக் குறிக்கிறது.

ஓலையை எப்படிப் பதப்படுத்துகிறார்கள்? பறித்த உடனே எழுத முடியாதா?

முடியாது. கிழக்குப் பாலியில் கராங்காஸெம் வட்டாரத்தின் வறண்ட நிலங்களில் வளரும் பனைகளிலிருந்து ஓலையை வெட்டி, உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, நீரில் ஊறவைத்து, மூலிகைச் சரக்குகளோடு வேகவைத்து, மறுபடி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த ஓலை சுருண்டுகொள்ளும் என்பதால், மரச்சட்டங்களுக்கு இடையே அடுக்கி, ஆப்பு வைத்து இறுக்கி, மாதக்கணக்கில் அழுத்தத்திலேயே விட்டுவைக்கிறார்கள். இந்தப் பொறுமையில் குறைவைத்தால் ஓலை பின்னாளில் நெளிந்துவிடும். பிறகு ஒரே அளவில் ஓரம் சீவி, மூன்று துளைகள் இடுகிறார்கள். இரு முனைகளுக்கு அருகே ஒவ்வொன்றும், நடுவில் ஒன்றும் இருக்கும். நடுத்துளை சரியான மையத்தில் அமையாமல் சற்றே இடப்புறம் தள்ளியிருப்பதால், கட்டு அவிழ்ந்து சிதறிய ஓலையைக்கூடத் தலைகீழாகக் கோத்துவிடாமல் தப்பிக்கலாம். தச்சர் மரத்தில் நூலடிப்பதைப் போல, மையில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டி வரிக்கோடுகளைப் பதிக்கிறார்கள். பக்கத்துக்கு நான்கு வரிகள் என்பதே பெரும்பான்மை வழக்கு.

அவர்களுடைய எழுத்தாணி நம்முடையதைப் போன்றதா?

இல்லை, இங்கேதான் வேறுபாடு. நம் எழுத்தாணி கூர்முனையால் கீறும். பாலியின் 'பெங்ருபாக்' ஒரு சிறு கத்தி. எழுதுபவர் ஓலையை இடக்கையில் பிடித்து, வலக்கையில் கத்தியை ஏந்தி, இடக்கைப் பெருவிரலால் அதன் அலகைத் தள்ளித் தள்ளி எழுத்தை வெட்டுகிறார். எழுதி முடித்த ஓலையில் எழுத்து ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனிக்குத்தான் தட்டுப்படும். கெமிரிக் கொட்டையைக் (மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் 'புவா கெராஸ்' என்று அறிந்தது) கருக்கி, எண்ணெய்ப் பசையோடு கூடிய அந்தக் கரியை ஓலை முழுவதும் தேய்த்துத் துடைத்தால், மேற்பரப்பு வெளுத்துப்போய்க் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். இதே முறையில் படம் வரைந்த ஓலைகளுக்குப் 'பிராசி' என்று பெயர்.

வெட்டிய எழுத்தில் பிழை நேர்ந்தால் எப்படி அழிப்பார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அடித்துவிடுவதில்லை. பிழையான எழுத்தின் மேல் இகரக் குறியையும், கீழே உகரக் குறியையும் சேர்த்து இட்டுவிடுவார்கள். ஒரே எழுத்தை இரண்டு உயிரோடும் ஒலிக்க இயலாது என்பதால், படிப்பவர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார். 'கி'யும் 'கு'வும் ஒரே எழுத்தில் ஏறியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜாவாவிலும் ஓலைதானா?

ஓலையும் உண்டு, ஆனால் ஓலையோடு நிற்கவில்லை. மேற்கு ஜாவாவில் தாளிப்பனை இனத்தைச் சேர்ந்த கெபாங் மரத்தின் ஓலையில், வெட்டாமல், மையால் எழுதினார்கள். இவற்றை நெடுங்காலம் நீப்பனை (நிப்பா) என்னும் வேறொரு பனையின் ஓலை என்றே அட்டவணைகளில் தவறாகக் குறித்துவந்தார்கள். 1518-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'சங்ஹ்யாங் சிக்ஸகண்ட ங் கரெஸியன்' என்னும் பழஞ்சுண்டானிய (மேற்கு ஜாவாவின் பழைய மொழி) நூல் இவ்வகையில் புகழ்பெற்றது. அடுத்தது 'தலுவாங்': காகித முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, தட்டித் தட்டி அகலமாக்கிப் பெறும் தாள். கிழக்கு ஜாவாவில் பொனோரோகோவை அடுத்த தெகல்சாரி இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பின்னர் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ஐரோப்பியக் காகிதம் அரண்மனைகளில் ஆட்சி பெற்றது; நாள் குறிக்கப்படாத சுவடியின் காலத்தைக் கணிக்க, அக்காகிதத்தின் நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலை அடையாளம்) இன்று பெரிதும் உதவுகிறது.

பழைய ஜாவானிய இலக்கியம் ஜாவாவில் கிடைக்காமல் பாலியில் கிடைப்பது ஏன்?

அந்த ஈரப்பதத்திலும் பூச்சியிலும் ஓலை சில தலைமுறைகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே படியெடுக்கும் கூட்டம் எங்கே இருந்ததோ அங்கேதான் நூல் பிழைத்தது. ஜாவாவில் சமயமும் அரசவைச் சுவையும் மாறிய பிறகு பழைய காவியங்களைப் படியெடுக்கும் தேவை குறைந்தது. பாலியிலும், அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த அண்டைத் தீவான லொம்பொக்கின் மேற்குப் பகுதியிலும் அது சடங்கோடும் பாராயணத்தோடும் தொடர்ந்தது. ஜாவாவின் மஜபாகித் பேரரசைப் பாடும் 'நாகரகிரேதாகம'த்தைக் கவிஞர் பிரபஞ்சர் இயற்றியது 1365-இல். 1894-இல் டச்சுப் படை லொம்பொக்கின் சக்ரநகர அரண்மனையைத் தாக்கியபோது, உடன் சென்றிருந்த அறிஞர் பிராண்டெஸ் அந்நூலின் ஓலைப் படியொன்றை அங்கிருந்து மீட்டார். லெய்டனில் இருந்த அச்சுவடி 1973-இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. சுவடியை மீட்டதற்காகப் பிராண்டெஸை மட்டும் புகழ்ந்துவிட்டு, அரண்மனையைத் தாக்கியது யார் என்பதை மறந்துவிடுவது முறையன்று.

தமிழகத்தோடு இவற்றுக்கு ஏதேனும் நேரடித் தொடர்பு உண்டா?

எழுத்து வடிவங்கள் பல்லவர் எழுத்திலிருந்து, பழைய ஜாவானிய எழுத்தான காவி வழியாகக் கிளைத்தவை. இன்னொரு தொடர்பு வருத்தத்துக்குரியது. தென்னிந்தியச் சுவடிகளைத் தேடித் திரட்டிய அதே காலின் மெக்கன்சி, 1811-இல் ஆங்கிலேயப் படையோடு ஜாவா சென்றார். 1812 ஜூனில் யோக்யகர்த்தா அரண்மனை சூறையாடப்பட்டபோது அதன் நூலகம் ஆங்கிலேய அதிகாரிகளான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், மெக்கன்சி ஆகியோரின் கைக்குப் போயிற்று. அவற்றுள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சுவடிகளின் மின்படிகள் 2019-இல் யோக்யகர்த்தா சுல்தானிடம் வழங்கப்பட்டன. மூலங்கள் லண்டனிலேயே இருக்கின்றன.

நேரில் பார்க்க எங்கே செல்லலாம்?

வடக்குப் பாலியின் சிங்கராஜாவில், 1928-இல் தொடங்கப்பட்ட கெடோங் கிர்த்யா நூலகத்துக்குச் செல்லுங்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் சரஸ்வதி நாளில் பாலியினர் சுவடிகளுக்குப் படையல் இடுவதையும் காணலாம். நம் வீடுகளில் சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைத் தொடாததுபோல, அங்கும் வழிபாடு முடியும்வரை எழுதுவதும் படிப்பதும் இல்லை.

சுவடியின் கடைசி ஓலையில் தனியாக எழுதியிருப்பது என்ன?

படியெடுத்தவரின் குறிப்பு. எழுதி முடித்த சக ஆண்டும் கிழமையும் ஊரும் அதில் இருக்கும். அதோடு, தம் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, படிப்பவர் பொறுத்தருள வேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கும். எழுத்து முத்து முத்தாக அமைந்த சுவடிகளிலும் இதைக் காணலாம்.