அட்டையில் ஆடுவதா, கணினியில் ஆடுவதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். போர் விளையாட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து 'வேர்ல்ட் இன் ஃபிளேம்ஸ்' என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. பெட்டியாக வாங்கினால் விலையோடு கூரியர், சுங்கம் எல்லாம் சேருகிறது. கணினிப் பதிப்பு என்றால் இன்றைக்கே இறக்கிவிடலாம். கூட ஆட இரண்டே பேர்: ஒருவன் விசைப்படகில் போகிறான், இன்னொருவன் துபாயில். பெரும்பாலும் தனியாகத்தான் ஆட வேண்டியிருக்கும். எதை வாங்கலாம்?

- பாம்பன் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கணினிப் பதிப்போடு எதிராளியும் வந்துவிடுவான் என்று நினைத்து வாங்காதீர்கள். 2013-ல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் அதை வெளியிட்டபோது எதிர்த்து ஆடும் கணினி மூளை அதில் இல்லவே இல்லை. இரண்டு பக்கத்தையும் நீங்களே ஆடலாம், ஒரே கணினியில் நண்பரோடு மாறி மாறி உட்காரலாம், இல்லையென்றால் இணையத்தில் ஆள் பிடிக்கலாம். தனியாள் என்பதால் மட்டும் கணினிக்குப் போக வேண்டியதில்லை.

கணக்குப் பார்க்கத்தான் கணினி. ஒரு சுற்று என்பது இரண்டு மாதம். 1939 செப்டம்பரில் தொடங்கி முழுப் போரையும் ஆடினால் 36 சுற்று. வானிலை, உற்பத்தி, எந்தப் படைக்கு சப்ளை எட்டுகிறது என்பது வரை அட்டையில் எல்லாம் உங்கள் தலையில் விழும். அதோடு பலகையை மாதக்கணக்கில் கலைக்காமல் வைக்க வேண்டும். உங்கள் ஊரில் அது லேசில்லை. கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்தால் கவுண்டர்கள், அதாவது படைகளைக் குறிக்கும் அரை அங்குல அட்டைத் துண்டுகள், பறக்கும். மூடினால் ஃபேன் வேண்டும், ஃபேனுக்கும் பறக்கும். ஈரக்காற்றில் வரைபடத்தின் ஓரம் சுருண்டு எழும். மேலே அக்ரிலிக் ஷீட் போட்டால் வரைபடம் தப்பும், கவுண்டர் தப்பாது.

இரண்டும் ஒரே ஆட்டம் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியன் டிசைன் குரூப் 1985-ல் வெளியிட்ட அட்டை விளையாட்டில் ஐரோப்பாவுக்கு ஒரு அளவுகோல், ஆசியாவுக்கு வேறு. கணினியில் உலகம் முழுக்க ஐரோப்பிய அளவுகோல்தான், மொத்தம் 70,200 அறுகோணக் கட்டங்கள். அதனால் சீனா பெரிதாகி, போர்முனையில் படைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. சீனாவில் ஜப்பானை ஆடுகிறவருக்கு இது பெரிய மாற்றம்.

அட்டையில் எனக்குப் பிடித்தது தாக்குதல் கணக்கு. உங்கள் பலம் 20, எதிரியுடையது 7 என்றால் மூன்று மடங்குக்கு ஒரு புள்ளி குறைகிறது. அந்த ஒரு புள்ளிக்காக எந்த விமானத்தை இழுத்து வரலாம், இழுத்தால் அங்கே எது திறந்துபோகும் என்று யோசிக்கும்போதுதான் விளையாட்டே பிடிபடுகிறது. கணினி இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடுவதால் நாமும் சட்டென்று பொத்தானைத் தட்டிவிடுகிறோம். அது எனக்கு எரிச்சல்.

சரி, உங்களுக்கு எது? கணினிதான். துபாய் நண்பரோடு ஆட வேறு வழியில்லை, நேர வித்தியாசமும் ஒன்றரை மணி நேரம்தான். படகு நண்பர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையில் இருப்பாரே, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து பார்பரோசா ஆட்டத்தை, அதாவது 1941-ல் ஜெர்மனி சோவியத் யூனியன் மேல் படையெடுத்ததை மட்டும் ஆடுவதை, தொடங்குங்கள். ஐந்தே சுற்றில் முடிவது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னால் பேப்பரில் நீங்களே கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். சுற்று முடிந்ததும் புதுப் பெயரில் சேமித்து வையுங்கள், கரண்ட் போனாலும் அந்தச் சுற்று போகாது.