எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மையத்தில் வேலை: மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த உங்கள் மகளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மையத்தில் ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பி.எட். சேரச் சொல்கிறார்கள். "மெஷின் ஆபரேட்டர் ஆவதற்கா இவ்வளவு படித்தாள்?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: அனுப்புங்கள். ஆனால் சேருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளட்டும்.

பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடும் என்பதுதான் இந்த வேலையைப் பற்றிய பெரிய தவறான எண்ணம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டரை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒளியின் இயல்பே அப்படி. ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தும் 'டெம்' கருவியில் அணுக்களின் வரிசையே தெரியும். ஆனால் எலக்ட்ரான் ஊடுருவிப் போக, சாம்பிள் 100 நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும். அங்கேதான் கைவேலை தொடங்குகிறது.

சிறுநீரகத் திசு ஒன்று வருகிறது என்று வையுங்கள். அதை வேதிப்பொருளில் பதப்படுத்தி, ஆல்கஹாலில் நீரை நீக்கி, ரெசின் என்னும் பிசினில் இறுக வைத்து, அல்ட்ராமைக்ரோடோம் என்னும் மெல்லிய சீவல் எடுக்கும் கருவியில் வைரக் கத்தியால் சீவுவார்கள். சீவல் தண்ணீரில் மிதக்கும். அதன் நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடுவார்கள்: வெள்ளி நிறம் என்றால் சரி, ஊதா என்றால் தடிமன் அதிகம். பிறகு 3 மில்லிமீட்டர் செப்பு வலையில் அதை அள்ளி எடுக்க வேண்டும். இது கைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். பலன் என்ன தெரியுமா? சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு நோயில் சாதாரண மைக்ராஸ்கோப்பில் திசு ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். வடிகட்டும் செல்களின் கால்கள் தட்டையாகிப் போனதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான் காட்டும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் நோய் அது. இப்படிப்பட்ட சாம்பிளைத் தயாரிப்பவரை வெறும் ஆபரேட்டர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகள் இயற்பியல் படித்தவர் என்பதால் உலோகம், நானோ பொடி, பேட்டரிப் பொருள் போன்றவையே அவரிடம் அதிகம் வரலாம். 'செம்' என்ற இன்னொரு வகை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மேற்பரப்பைப் பார்ப்பதும், எக்ஸ்-கதிர் மூலம் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அன்றாட வேலையாக இருக்கும்.

கதிர்வீச்சு பற்றி நீங்கள் பயப்படுவது புரிகிறது. கருவிக்குள் எக்ஸ்-கதிர் உண்டாவது உண்மைதான். அது வெளியே வராதபடி கவசத்துடனேயே கருவியைச் செய்கிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது பக்கத்து மேசையைப் பற்றி. உயிரியல் சாம்பிளுக்குப் பயன்படும் ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் கையுறையோடுதான் அதைத் தொட வேண்டும். மையத்தில் இதற்கு முறையான பயிற்சி உண்டா என்று அவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

சரி, எதிர்காலம்? நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஒப்பந்தங்கள் அதிகம். ஆனால் கைத்திறன் கூடவே வரும். ஸ்டீல், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று ஆராய 'செம்' தெரிந்தவர்கள் தேவை. சைஸ், ஜியோல் போல இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அப்ளிகேஷன் இன்ஜினியர்கள் தேவை. ஆராய்ச்சிப் பக்கம் போனால், சாம்பிளை உறையவைத்துப் பார்க்கும் உறைநிலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இன்று உச்சத்தில் இருக்கிறது. 2017-இன் வேதியியல் நோபல் அதற்குத்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் எக்ஸ்-கதிர் முறையில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டு 2009-இல் நோபல் பெற்றவர். அவருடைய ஆய்வுக்கூடமும் பின்னர் உறைநிலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முறைக்கு மாறியது.

சேருமுன் மையப் பொறுப்பாளரிடம் அவர் கேட்க வேண்டியது மூன்றுதான். கருவியைத் தானே இயக்கப் பயிற்சி தருவார்களா, அல்லது சாம்பிளை வாங்கிப் பதிவேட்டில் எழுதி ஸ்லாட் ஒதுக்குவது மட்டும்தானா? டெம் வேலையும் கிடைக்குமா, செம் மட்டுமா? தான் உதவிய ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் வருமா, குறைந்தது நன்றிப் பகுதியிலாவது? முதல் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். வெறும் பதிவேடு எழுத ஓர் ஆண்டைச் செலவிடுவதில் அர்த்தமில்லை.

நல்ல பதில் வந்தால் சேரட்டும். அந்த ஆண்டிலேயே, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கும் படிக்கட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் படிப்புக்குப் போகலாம். நேர்காணலில் டெம் இயக்கத் தெரியும் என்று சொல்பவரை எந்த வழிகாட்டியும் கவனிப்பார். பி.எட். சேர்க்கை அடுத்த ஆண்டும் இருக்கும், அம்மா. அப்போதும் ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்று அவரே சொன்னால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.