பழைய ஆர்எஸ்வி ஊசியும் இப்போதைய ஊசியும் ஒன்றல்ல

வணக்கம் சகோதரி. லண்டனில் 29 வாரக் கர்ப்பம், ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்) ஊசி போடச் சொல்கிறார்கள், 1960களில் அந்த ஊசியால் இரண்டு குழந்தைகள் இறந்ததாகப் படித்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் படித்தது உண்மைதான்.

1966-ல் அமெரிக்காவில் சோதித்தது ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்ற வைரஸ். ஊசி போட்டு, பிறகு தொற்று வந்த 20 கைக்குழந்தைகளில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. காரணம் பின்னால்தான் புரிந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவுவது அதன் மேலுள்ள எஃப் புரதம்; நுழையும்முன் அது குட்டையாக, விசை ஏற்றிய பொறி போல இருக்கும். விசை விடுபட்டால் நீண்டுவிடும். பழைய ஊசியில் பெரும்பாலும் நீண்ட வடிவமே இருந்தது. அதனால் வைரஸைத் தடுக்காத எதிர்ப்பொருள்கள் (நோயை எதிர்க்க உடம்பு செய்யும் புரதங்கள்) உருவாகி, நுரையீரலில் அழற்சிதான் கூடியது. 2013-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் அந்தக் குட்டை வடிவத்தை மாறாமல் நிலைநிறுத்தினார்கள். உங்களுக்குப் போடுவது அதைத்தான்.

இன்னொன்று, ஊசி உங்களுக்குத்தான், குழந்தைக்கு இல்லை. ஆர்எஸ்வியை உங்கள் உடம்பு பலமுறை பார்த்திருக்கும். அது செய்யும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். பெரிய ஆய்வில், பிறந்த முதல் 90 நாளில் கடுமையான பாதிப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

என் அக்கா மகனுக்கு ஆறாவது வாரத்தில் இந்த நோய் வந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து போகும்; பால் குடிக்கவும் தெம்பில்லை. அன்று இந்த ஊசி இல்லை.

எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரமாவது வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தால் மட்டும் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.