பழைய மாருதி 800-க்கு இழுவை கூடுமா?

கேள்வி: என்னிடம் 1996-ஆம் ஆண்டின் கார்புரேட்டர் மாருதி 800 உள்ளது. நான்கு பேருடன் ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது இரண்டாம் கியரில் திணறுகிறது. பெரிய கார்புரேட்டர் பொருத்தினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். பொருத்தலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகமே கார்புரேட்டர். 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் மலையேறும் வேகத்தில் உறிஞ்சும் காற்று குறைவு; அது பெரிய கார்புரேட்டரின் அகன்ற கழுத்து வழியே மெதுவாகச் செல்லும்போது பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாது என்பதால், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் குறைந்த வேக இழுவைதான் முதலில் குன்றும்.

புதிய ஆற்றலைத் தேடுவதற்கு முன், இந்த எஞ்சின் இழந்த ஆற்றலை மீட்பதே என் பரிந்துரை. மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால், அதில் சிறிதளவு எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும், உயராவிட்டால் வால்வுப் பக்கத்தில் கசிவு இருக்கலாம். மூன்றும் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், பிளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைச் சீர்செய்வதே பெரும்பாலும் போதும். கிளட்ச் நழுவுவதையும் பிரேக் விடாமல் பிடித்திருப்பதையும் எஞ்சின் குறையாக எண்ணிச் செலவழிப்போர் பலர் என்பதால், சமதளத்தில் நியூட்ரலில் தள்ளினால் கார் எளிதாக உருள்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்காடு இருக்கும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. பழுதே இல்லாத எஞ்சினும் அங்கே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வலுவிழக்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் திணறும்வரை காத்திராமல், வளைவை அடையும் முன்பே முதல் கியருக்கு மாற்றிவிடுங்கள்.