கேள்வி – பதில்: கண்மாய்த் தரையும் படகின் பெயிண்டும்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தோம். நாள் போதாததால், பக்கப் பலகைகளில் இரண்டு கோட்டுக்கு உரியதை ஒரே கோட்டாகக் கனமாக அடித்துவிட்டோம். சில வாரங்களில் அந்த இடம் மட்டும் வறண்ட கண்மாயைப் போல வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டுவிட்டன. அதே டப்பாவிலிருந்து மெல்லியதாக அடித்த அணியப் பகுதி (படகின் முன்முனை) நன்றாகவே இருக்கிறது. பெயிண்டில் கலப்படமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஒரே டப்பாதான் என்று நீங்களே எழுதியிருப்பதால், கலப்படத்தை நான் சந்தேகிக்கவில்லை. தின்னர் ஆவியாக ஆக, பெயிண்ட் எல்லாத் திசைகளிலும் சுருங்கப் பார்க்கிறது. தடிமன் குறைவதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் பலகையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் நீள அகலங்களில் அதனால் சுருங்க முடிவதில்லை. பெயிண்ட் இளகிய நிலையில் இருக்கும்வரை உள்ளுக்குள் நகர்ந்து இதைச் சமாளித்துக்கொள்ளும். கெட்டியான பிறகும் மிச்சமுள்ள தின்னர் வெளியேறுவதால் ஏற்படும் சுருக்கம்தான், பூச்சை எல்லாப் பக்கமும் பிடித்து இழுத்தாற்போன்ற இழுவிசையாக அதற்குள் தங்கிவிடுகிறது. சுருங்குவதால் மட்டும் பூச்சு வெடிப்பதில்லை. சுருங்க விடாமல் பிடித்து வைக்கப்படுவதால் வெடிக்கிறது.

கண்மாய் உவமை மிகப் பொருத்தமானது. வண்டலின் நுண்துகள்களுக்கு இடையே எஞ்சும் நீரின் வளைந்த பரப்பு, துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. இடுக்கின் ஆரம் 0.1 மைக்ரான் என்றால், அந்த இழுப்பு வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு வரை போகும். அடியிலுள்ள ஈர மண் அதற்கு இடம் கொடாததால் மேல்மண் பிளக்கிறது. கண்மாயின் கரையோரத்தில் மெல்லியதாகப் படிந்த வண்டல் சிறு சிறு செதில்களாகவும், நடுவே ஆழமாகப் படிந்தது பெரிய பாளங்களாகவும் வெடித்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி கனத்துக்கு வருவோம். கனமான பூச்சில் இழுவிசை அதிகமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் விரிசல் முன்னேறுவதற்கான ஆற்றல் பூச்சின் முழுத் தடிமனிலிருந்தும் கிடைப்பதால், தடிமன் இருமடங்கானால் அந்த ஆற்றலும் இருமடங்காகிறது. இழுவிசையே இருமடங்கானாலோ நான்கு மடங்காகிறது. எனவே ஒவ்வொரு பூச்சுக்கும் வெடிக்காமல் தாங்கக்கூடிய தடிமன் ஒன்று உண்டு. உங்கள் அணியம் அதற்குள் அடங்கியது, பக்கப் பலகைகள் அதைத் தாண்டிவிட்டன. ஓரங்கள் சுருண்டதற்கு, மேற்பகுதி அடிப்பகுதியைவிட அதிகமாகச் சுருங்கியதே காரணம்.

இந்த இழுவிசையைக் கண்ணால் காணவும் வழியுண்டு. 1909இல் ஸ்டோனி என்ற பொறியாளர், எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிக்கலை மின்முலாமாகப் படியவைத்து, பட்டை வளைவதைக் கொண்டே முலாமுக்குள் இருந்த விசையைக் கணக்கிட்டார். மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்றின் ஒரு பக்கத்தில் பெயிண்ட் அடித்துக் காயவிட்டால், அது பெயிண்ட் உள்ள பக்கமாக வளைவதை நீங்களும் காணலாம்.

கேள்வி: வெயிலில் காயவிடுவது நல்லதா, நிழலிலா?
– வாசகர், கீழக்கரை

பதில்: நிழலில்தான். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களும் நம் கரையில் வெயில் கொளுத்தும் காலம். காற்றும் சேர்ந்துகொண்டால், பாலில் ஆடை படிவதுபோலப் பெயிண்டின் மேற்பரப்பு முதலில் இறுகி, தின்னரை உள்ளே அடைத்துவிடும். அது பின்னர் மெல்ல வெளியேறும்போது, இளகிக் கொடுக்கும் நிலையைப் பூச்சு எப்போதோ கடந்திருக்கும். மெதுவாகக் காயும் பூச்சுக்கோ இழுவிசையைத் தளர்த்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பிற்பகல் வெயில் தாழ்ந்த பின் அடிப்பதும், முதல் கோட் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததை அடிப்பதும் நல்லது.

தங்கச்சிமடம் வாசகருக்கு இன்னொன்று: வெடித்த இடத்தின் மேலேயே புதிதாக அடித்துவிடாதீர்கள். புதிய கோட்டும் காயும்போது இழுக்கும்; அந்த இழுப்பு, ஏற்கெனவே பிடிப்பு விட்டுப்போன பழைய பூச்சையும் பலகையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும். பழையதை முழுவதும் சுரண்டி, உப்புப் படிவை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்த பிறகே பிரைமர் அடியுங்கள்.